கம்பியைக் கேட்டோமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று கண்ணின் இடத்தைக் கேமரா பிடித்துக்கொண்டது. கடைவீதியில், பேருந்து நிலையத்தில், கோயில் வாசலில், ஏன், நம் கல்லூரி நுழைவாயிலிலும் அது தொங்குகிறது. கேமரா காட்டினால் அது நடந்தது என்று நம்புகிறோம். அதுகூடப் பரவாயில்லை. கேமரா காட்டாவிட்டால் யாரோ வேண்டுமென்றே மறைத்துவிட்டார்கள் என்றும் நம்புகிறோமே, அந்த இரண்டாவது நம்பிக்கையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு மனிதரின் பிழைப்பு போகவிருந்தது. அந்த மனிதர் என் தந்தை.

முதலில் பொருளைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். இணையக் கேமரா என்பது வெறும் கண் அன்று. அது ஒரு சிறு கணிப்பொறி. அதற்கு ஒரு முகவரி உண்டு. படத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுதி, கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அனுப்புகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிக் கூடத்தில் 1991-இல் ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-இல் அதன் படம் இணையத்தில் வந்தது; 2001-இல் அதை நிறுத்தினார்கள். அந்தக் கேமரா பார்த்தது எதைத் தெரியுமா? ஒரு காப்பிப் பாத்திரத்தை! கட்டடத்தின் வேறு பகுதிகளில் இருந்தவர்கள் படிகளைக் கடந்து வந்து, பாத்திரம் காலியாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது என்பதற்காக வைத்தது. மனிதனை மனிதன் நம்பாமல் இணையக் கேமராவை மாட்டுவது பின்னால் வந்த பழக்கம்.

என் தந்தை எங்கள் ஊர் கடைவீதியில் ஒரு மண்டிக்கு இரவுக் காவலர். முன்னால் கடை, பின்னால் நீண்ட சந்து, சந்தின் கோடியில் மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. நான்கு கேமராக்கள். மூன்று கடைக்குள்ளும் வாசலிலும் உள்ளன. நான்காவது, கிடங்கு வாசலில், சுமார் 12 அடி உயரத்தில் இருக்கிறது. படங்களைச் சேர்த்துவைக்கும் பதிவுப் பெட்டியும் ரௌட்டரும் கடைக்குள் இருக்கின்றன. முதலாளி வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் பார்ப்பார்.

சென்ற ஆண்டு இறுதியில் மூட்டைக் கணக்கில் இரண்டு குறைந்தது. முதலாளி பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தார். மூன்று கேமராக்களும் ஒழுங்காக இருந்தன. நான்காவதில் மட்டும் ஒவ்வொரு நாள் இரவும் 11 மணிக்குப் படம் நின்றுபோயிருந்தது. பிறகு விடியும் வரை "இணைப்பு இல்லை" என்ற எழுத்துதான். இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. ஒவ்வொரு இரவும் கடைசியாகப் பதிவான படம் ஒரே படம்தான்: என் தந்தையின் கை சுவிட்சுப் பலகையை நோக்கி நீள்கிறது. அடுத்த நொடி இருட்டு.

நீங்களே முதலாளியாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

கேமரா மாட்டிய ஆளுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் நேரில் வரவில்லை. "பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி மட்டும் போகுதுன்னா யாரோ வயரை ஆட்டுறாங்க முதலாளி" என்று சொல்லிவிட்டார். ஆளைப் பார்க்காமல், கம்பியைப் பார்க்காமல், ஒரு வாக்கியத்தில் தீர்ப்பு! "இந்த மாசச் சம்பளத்தை வாங்கிக்கிட்டு நின்னுக்கய்யா. நான் போலீசுக்கெல்லாம் போகல" என்று முதலாளி சொன்னதாக அப்பா வந்து சொன்னார். எட்டு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் போன இடம். அம்மா அழுதாள். அப்பா, "நான் லைட்டைத்தான் அணைச்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் நான் மண்டிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒருவரிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. "ரெண்டு ராத்திரி டைம் குடுங்க முதலாளி, என்னன்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். அவர் கெட்டவர் அல்லர். சிறிது நேரம் யோசித்தார். "கணக்கப்பிள்ளை கூட இருப்பாரு. பாரு" என்றார்.

நான் திறமையாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். முதலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். அதே ரௌட்டரில் மற்ற மூன்று கேமராக்களும் பழுதின்றி ஓடுகின்றன என்னும்போது ரௌட்டரையும் இணையத்தையும் குறை சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்து முகவரியைச் சந்தேகித்தேன். உலகுக்கெல்லாம் பொதுவான பழைய முறை முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். அவை போதா என்பதால், வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புழங்குவதற்கென்று 192.168 என்று தொடங்கும் எண்களைத் தனியே ஒதுக்கி 1996-இல் விதி செய்தார்கள். நம் வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் இந்த எண்களையே ஒவ்வொரு கருவிக்கும் பகிர்ந்து கொடுக்கின்றன. இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழுந்துவிட்டால், ஒரே கதவிலக்கமுள்ள இரண்டு வீடுகளுக்கு வந்த கடிதம் போல, தகவல் தடுமாறும். கேமராக்கள் திடீரென்று காணாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் கடவுச்சொல் இருந்தது. உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்தேன். ஒரே எண் இரண்டு இடத்தில் இல்லை. ஒரு மாலைப்பொழுது இப்படி வீணாயிற்று.

கேமராவுக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாமென்றால் அதன் கடவுச்சொல் முதலாளியிடம் இல்லை. மாட்டியவரிடம் கேட்டால், "அதெல்லாம் நாங்க வெளிய குடுக்கிறதில்லீங்க" என்றாராம். பணம் கொடுத்து வாங்கிய பொருளின் சாவி விற்றவர் கையில்! இது எந்த ஊர் நியாயம்? கடவுச்சொல்லைப் பத்திரமாக வைப்பது முக்கியம் என்பதை நானும் அறிவேன். 2016-இல் "மிராய்" என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றி, அவற்றை ஏவியே பெரும் இணையச் சேவைகளை முடக்கியது. ஆகவே சாவியைத் தெருவில் போட வேண்டாம். ஆனால் பொருளுக்கு உரியவரிடம் தர வேண்டாமா? அன்று அந்தச் சாவி கிடைத்திருந்தால், கேமரா எப்போதெல்லாம் அணைந்து எழுந்தது என்ற குறிப்பை அதற்குள்ளேயே படித்திருக்கலாம்.

இரவு வந்தது. என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் அரசிடமிருந்து பெற்ற மடிக்கணினி வீட்டில் இருந்தது. (அவளை அதற்குமேல் படிக்கவைக்க முடியவில்லை, கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.) அதைக் கொண்டுபோய்ப் பதிவுப் பெட்டியின் பக்கத்தில் வைத்தேன். "பிங்" என்று ஒரு கட்டளை உண்டு. "இருக்கிறாயா?" என்று முகவரியைக் கூப்பிடுவதும், "இருக்கிறேன்" என்று பதில் வருவதும்தான் அது. கடவுச்சொல் வேண்டியதில்லை. நொடிக்கு ஒரு தரம் நான்காவது கேமராவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி விட்டேன். பதில் வரிசையாக வந்தது. கணக்கப்பிள்ளை கொட்டாவி விட்டார்.

மணி 11. அப்பா சந்தில் நடந்து போனார். பதிவுப் பெட்டியின் திரையில் அவருடைய கை நீண்டது. குழல் விளக்கு அணைந்தது. மடிக்கணினியில் பதில் நின்றது.

உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரு நொடி என் தந்தையை நானும் சந்தேகித்தேன். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சந்தில் ஓடினேன். "அப்பா, எந்த சுவிட்சைப்பா போட்டீங்க?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "லைட்டு சுவிட்சுதான்பா. வேற சுவிட்சு இங்க ஏது?" என்றார். பிறகு தலையைத் தூக்கி, "இப்பக் கேளு தம்பி, டிக்குன்னு ஒரு சத்தம் வரும்" என்றார்.

வந்தது. மேலே, கேமராவுக்குள்ளிருந்து, சிறிதாக ஒரு "டிக்." கண்ணாடியைச் சுற்றிச் செந்நிறப் புள்ளிகள் மங்கலாக மின்னி அணைந்தன. ஒரு நிமிடம் கழிந்ததும் மறுபடியும் "டிக்." மறுபடியும் சிவப்பு, மறுபடியும் அணைந்தது.

"ராத்திரி முச்சூடும் இப்படித்தான்பா. பல்லின்னு நெனச்சேன்."

"ஏம்பா, இத யாருகிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

என் கட்டுரையின் கருத்து முழுவதும் இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. கேமராவின் அடியில் இரவு முழுதும் உட்கார்ந்திருக்கும் ஒரே மனிதர் அவர். பழுதைக் காதால் கேட்டவர் அவர். அவரைக் குற்றவாளி என்று எண்ணியதால், சாட்சி என்று எண்ணிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை; ரௌட்டரின் பட்டியலைத்தான் போய்ப் படித்தேன்.

இனி நடந்தது இயற்பியல். வெளிச்சம் குறைந்ததும் இந்தக் கேமராக்கள் இரவுப் பார்வைக்கு மாறுகின்றன. உள்ளே ஒரு சிறு வடிகட்டிக் கண்ணாடி நகர்கிறது, அதுதான் "டிக்." அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, அவற்றில் ஒரு வகை, 850 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்வது, நம் கண்ணுக்கும் மங்கிய சிவப்பாய்த் தெரியும். விளக்கு எரிந்தால் மின்னோட்டம் கூடும். கூடினால்?

மறுநாள் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு மல்டிமீட்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கொடுத்த விரிவுரையாளர் காரணம் கேட்டார், சொன்னேன். "கேமரா முனையில் அளந்து பார், அடாப்டர் முனையில் மட்டும் பார்த்துவிட்டு வராதே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

கேமராவுக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது என்று பார்த்தால், கடைக்குள் இருக்கும் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து! வலைக்கம்பியில் எட்டு இழைகள் உள்ளன. இவ்வகைக் கேமராவுக்குப் படத்தை அனுப்ப நான்கு போதும். மிச்சம் நான்கில், போக இரண்டு, வர இரண்டு என்று மின்சாரத்தை ஏற்றி 60 மீட்டர் தூரம் அனுப்பியிருக்கிறார் மாட்டியவர். தனிக் கம்பிச் செலவு மிச்சம். இழையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதை நாம் முதலாண்டிலேயே படித்துவிட்டோம்.

இரவில் அளந்தேன். அடாப்டர் முனையில் 12 வோல்ட் சரியாக இருந்தது. கேமரா முனையில், குழல் விளக்கு எரியும்போது 10. ஓடிய மின்னோட்டம் கால் ஆம்பியர். ஆக, வழியில் 2 வோல்ட் தொலைகிறது. கம்பியின் தடை 8 ஓம். கேமராவின் முதுகில் 6 வாட் என்று அச்சிட்டிருந்தது. அதாவது விளக்கும் சேர்ந்தால் அரை ஆம்பியர். 8 ஓமை அரையால் பெருக்குங்கள்: 4 வோல்ட் தொலையும், மிஞ்சுவது 8. குழல் விளக்கை அணைக்கச் சொன்னேன். மீட்டரின் எண் எட்டுக்கும் கீழே சரிந்தது. கேமரா செத்தது. செத்ததும் எண் என்னவாயிற்று தெரியுமா? மீண்டும் 12-க்கு ஏறியது! மின்னோட்டம் இல்லையென்றால் இழப்பும் இல்லையல்லவா? 12 கிடைத்ததும் கேமரா உயிர் பெற்றது, இருட்டைக் கண்டது, விளக்கை ஏற்றியது, மறுபடி செத்தது. விடியும் வரை இதே கதை. பகலில் வந்து பார்க்கும் எவருக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பின் ஏன் முன்பெல்லாம் பழுதில்லை? கணக்கப்பிள்ளைதான் நினைவுகூர்ந்தார். முன்பு அந்தக் குழல் விளக்கு விடிய விடிய எரியும். மின்கட்டணம் கூடுகிறது என்று, 11 மணிக்கு அணைத்துவிடும்படி உத்தரவு போட்டவர் முதலாளிதான். உத்தரவு வந்த வாரத்திலிருந்துதான் படமும் நின்றிருக்கிறது. கம்பிப் பழுது தொடக்கத்திலிருந்தே இருந்தது. வெளிச்சம் அதை மூடி வைத்திருந்தது. என் தந்தை செய்தது முதலாளி சொன்னதை.

இன்னொன்று. அடாப்டர் இருந்ததோ பூட்டிய கடைக்குள். சாவியோ முதலாளி வீட்டில். வெளியே நிற்கும் மனிதர் உள்ளிருக்கும் மின்சாரத்தை எப்படி அணைப்பார்? 12 அடி உயரத்துக் கம்பியை ஏணியில்லாமல் எப்படி ஆட்டுவார்? பழுதைக் கண்டுபிடிக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

நண்பர்களே! நான் கேமராவுக்கு எதிரி அல்லன். திருடு போகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கேமராவின் பழுதுக்குப் பொறுப்பாளி யார் என்பதில் நம் நாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2020 டிசம்பர் 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று விரிவாக ஆணையிட்டது. அது ஒழுங்காக இயங்கவும் பதியவும் பொறுப்பு அந்த நிலையத்தின் தலைமை அதிகாரிக்கே என்றும், பழுதென்றால் அவர் உடனே மேலே தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் சொன்னது. அதிகாரம் யார் கையில் உள்ளதோ அவரே பழுதுக்கும் பதில் சொல்ல வேண்டும். இது நியாயம். மண்டியிலும் துணிக்கடையிலும் ஆலையிலும் நடப்பது இதற்கு நேர்மாறு. கேமராவை வாங்கியவர் ஒருவர், மாட்டியவர் ஒருவர், கடவுச்சொல்லை வைத்திருப்பவர் ஒருவர். பழுதுபட்டால் பதில் சொல்ல வேண்டியவரோ, கேமரா யாரைப் பார்க்கிறதோ அந்த ஏழை! அவனுக்கு அதன் முகவரியும் தெரியாது, அடாப்டரும் தெரியாது.

மாட்டுகிறவர்களைக் கேட்கிறேன். கம்பி எத்தனை மீட்டர், மின்சாரம் எங்கிருந்து, முகவரி என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? விளக்கை அணைத்து, இருட்டில் ஒரு தடவை சோதித்துவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கம்பி வழியே மின்சாரம் அனுப்பத்தான் வேண்டுமென்றால் அதற்கு 2003-இலேயே முறையான தர விதி வகுத்திருக்கிறார்கள். அதில் 48 வோல்ட் அளவில் அனுப்புகிறார்கள். மின்னழுத்தம் நான்கு மடங்கானால் அதே திறனுக்கு மின்னோட்டம் கால் பங்கு. கம்பியில் வீணாகும் திறன் பதினாறில் ஒரு பங்கு. ஊருக்கு ஊர் உயர் அழுத்தக் கோபுரங்கள் நிற்பதும் இதற்காகத்தானே!

நம் விரிவுரையாளப் பெருமக்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கிடைப்பவை ஓடுகிற கருவிகள். அளவெடுத்து, அட்டவணை போட்டு, விடையை எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஓமின் விதியை நான் தேர்வில் பிழையின்றி எழுதியவன். ஆனாலும் மண்டியில் முதல் நாள் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஆண்டுக்கு இரண்டு செய்முறை வகுப்பிலாவது பழுதான சுற்று ஒன்றை எங்கள் முன் வைத்து, "இது ஏன் ஓடவில்லை?" என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவும், நல்லது எது என்று முதலில் பிரித்து ஒதுக்கவும், கருவியின் பக்கத்தில் இருந்தவரை விசாரிக்கவும் நாங்கள் அங்கேயே கற்றுக்கொள்வோம்.

மண்டிக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி மல்டிமீட்டரின் எண்ணைத் தாமே குனிந்து பார்த்தார். "அப்பாவ நாளைக்கு வரச் சொல்லு" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை; வரும் என்று அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மூட்டை என்ன ஆயிற்று என்பதை யாரும் அதன் பிறகு பேசவில்லை. கிடங்கு வாசலிலேயே சுவிட்சுப் பலகை இருப்பதால் அடாப்டரை அங்கே மாற்றிவிட்டால் இரண்டு மீட்டர் கம்பி போதும் என்று சொன்னேன். "அப்போ சுவிட்சு அவன் கைக்கு எட்டுற எடத்துல இருக்குமே?" என்றார் முதலாளி. சிறிது நேரம் நான் பேசவில்லை. கடைசியில் அடாப்டரை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அவரே எடுத்துக்கொண்டார்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, கேமரா முகவரி, கம்பி நீளம், இரு முனைகளிலும் அளந்த வோல்ட், மாற்றிய தேதி எல்லாம் முதல் பக்கத்தில் எழுதி, பலகைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். இரண்டாம் பக்கத்திலிருந்து அப்பாவின் கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்து கொஞ்சம் கோணும். நாள்தோறும் ஒரே வரிதான் எழுதுகிறார்: "11 மணி. லைட் ஆப். சத்தம் இல்லை."